அம்மா அறையின் சீலிங்

எங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்று பொருளில்லை. போதும் என்று தட்டை மறைப்பவருக்குத்தான் இன்னொரு கரண்டி விழும். அம்மா எதையாவது வேண்டாம் என்றால் அப்பா அந்த வாரமே வாங்கிவந்துவிடுவார். மிக்ஸியும் டேப் ரிக்கார்டரும் அப்படி வந்தவைதான். அம்மாவும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே எடுத்து வைப்பாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது மயிலாப்பூர் வாடகை வீட்டை விட்டு பெசன்ட் நகரில் ஒரு பிளாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கட்டட வேலை முடியும் தறுவாயில், சீலிங் எப்படி வேண்டும் என்று கேட்டார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பூவும் கொடியும் வைப்பது அப்போது புது நாகரிகம். கீழ்த்தளத்தில் மாதிரிக்கு ஒரு வீட்டை முடித்து வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பார்க்கப் போனோம்.

அப்பாவும் மேஸ்திரியும் ஹாலில் பேசிக்கொண்டிருக்க, அம்மா என்னைப் படுக்கையறைக்கு அழைத்துப் போனாள். சிமெண்டுத் தூசி படிந்த தரையில் அப்படியே மல்லாந்து படுத்தாள். பால் காய்ச்சாத வீட்டில் உட்காரவே யோசிக்கிறவள் அவள். நானும் பக்கத்தில் படுத்தேன். மேலே, விசிறி மாட்டும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள், இலைகள். அம்மா இமைக்கவேயில்லை. விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கின.

"என்னம்மா எண்ணறே?"

"எட்டுப் பேர் இருக்கா. ஒருத்தருக்கும் கண்ணில்லை. ஆனா நம்மளையேதான் பாத்துண்டிருக்கா."

அவள் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. இரண்டு இலைகளுக்கு நடுவே ஒரு நெற்றி. இதழுக்குக் கீழே திறந்த வாய். விளையாட்டு என்று நினைத்து ஒன்பதாவது ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன். அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாம்மா, பூ டிசைனே போட்ரலாமா? எல்லாரும் அதான் கேக்குறாங்கோ" என்றார் மேஸ்திரி.

"வேண்டாம். வெறும் வெள்ளை போதும். ஒரு கோடுகூட இருக்கக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

மறுநாள் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது கேட்டார். "நேத்து அம்மா எதை ரொம்ப நேரம் பாத்தா?"

"பூவைத்தான். எழுந்துக்கவே மனசில்லை அவளுக்கு."

இரண்டாவது வாக்கியம் என் சொந்தச் சரக்கு. எனக்கு அந்த முகங்கள் வேண்டியிருந்தன.

அந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அடிக்கடி போய்வந்தார்கள். திரும்பும்போது கடலை மிட்டாய் வரும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

கிரகப்பிரவேசத்தன்று அப்பா அம்மாவின் கண்களைப் பொத்தி அறைக்குள் கூட்டிப்போய்க் கையை எடுத்தார். மேலே அதே வெள்ளைப் பூக்கள். அம்மா அண்ணாந்து பார்த்தாள். "நன்னாயிருக்கு" என்றாள்.

இரண்டு மாதத்தில் அந்த அறையில் படுத்தவள் பிறகு எழுந்து நடமாடவில்லை. மல்லாந்து படுத்தால்தான் வலி குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக ஒருக்களித்தே கிடந்தாள். அப்பா திருப்பிப் படுக்கவைத்தால் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொள்வாள். அவள் என்ன சொல்லியும் அப்பாவுக்குப் புரியவில்லையா, அல்லது அவள் சொல்லவேயில்லையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

பள்ளியிலிருந்து வந்ததும் நான் கட்டிலருகே போய் நிற்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய முதுகு மட்டும்தான். என்மேல் ஏதோ கோபம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கும் ரோஷம் வந்தது. அவளுடைய கடைசி வாரம் முழுக்க அந்த அறைக்குள் நான் போகவேயில்லை. கோபம் தணிந்ததும் அவளே கூப்பிடுவாள் என்று ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.