ஆடத் தோதாக ஒரு கல்யாண உடுப்பு

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குத் துணி எடுக்க யாரும் தனியாகப் போக மாட்டார்கள். அது ஒரு ஊர்வலம். வேன் பேசி, புளிச்சோறு கட்டி, பெரியம்மா, சின்னம்மா, அத்தை என்று ஏறிக்கொண்டு, கூப்பிடாமல் விட்டவர்களின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போவார்கள். ஒரு புடவைக்குப் பத்து வாய் பேசும். மாப்பிள்ளை வீட்டார் என் முகூர்த்தப் புடவையை அப்படித்தான் எடுத்தார்கள். தென்னேரியிலிருந்து வேன் நிறைய வந்து, என் தோளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். நான் துணி காயப்போடும் கொடி மாதிரி நின்றேன். குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்குக் கூட்டமாவது இருந்தது.

வரவேற்புக்கு உடுத்துவது பெண் வீட்டுப் பொறுப்பு. எங்கள் வழக்கத்தில் வரவேற்பு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிடும். பெண் வீடு என்றால் எனக்குக் காவாந்தண்டலத்தில் அண்ணன் வீடு. நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அம்மா போய்விட்டாள், பின்னாலேயே அப்பா. அண்ணன் பணத்தை என் கையில் கொடுத்து, "நீயே பாத்து எடுத்துக்கோம்மா. அறுப்பு மிஷின் வருது, நான் எங்க வர்றது" என்றான். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, வாருங்கள் என்று நானும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எங்களுக்குள் சண்டையும் கிடையாது, பேச்சும் கிடையாது. உப்பு போட்டாச்சா, தண்ணி வந்துச்சா, அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது சும்மா ஒரு நல்ல துணி என்றால் சிக்கலே இல்லை. ஆடத் தோதான துணி வேண்டும்.

இப்போதெல்லாம் எங்கள் ஊர் மண்டபங்களிலும் பெண் வாசலிலிருந்து மேடை வரைக்கும் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வருகிறாள். அக்கா தங்கைகளும் தோழிகளும் சுற்றி ஆடி அவளை அழைத்து வருவார்கள். என்னைச் சுற்றி ஆட யாரும் இல்லை. சித்தப்பா பெண்கள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இருக்கிறார்கள். ஆனாலும் ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்ன வயதிலிருந்தே ஆடுகிறவள் நான். அது யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் கழனிக்கோ, கல்யாணம் காட்சிக்கோ போன பிறகு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, டிவியில் பாட்டு வைத்து, மூச்சு வாங்கும் வரை ஆடுவேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று கொலுசைக் கழற்றி வைத்துவிடுவேன். வயது முப்பத்தாறு. நான் ஆடி ஒரு ஜீவன் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை நாலு பேர் பார்க்க ஆடிவிட வேண்டும். தாலி ஏறிய பிறகு எங்கே ஆடுவது, யார் ஆட விடுவார்கள்.

மாப்பிள்ளை வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நாற்பது தாண்டியவர், வார்த்தையை அளந்து செலவு செய்கிறவர். "நான் ஆடிக்கினே வரட்டுமா" என்று போனில் கேட்டேன். "ஆடு" என்றார். அப்புறம் டீசல் போட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

நானும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள்தான். வேலைக்குப் போகிற வேன்தான் எனக்குப் பள்ளிக்கூடம். எனக்குத் தெரிந்த சொலவடை முக்கால்வாசி அங்கே பொறுக்கியது. ஆடத் தோதான துணி தேடுகிறேன் என்றதும் பின் சீட்டு அக்கா ஒருத்தி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ இன்னா, துணி கோணல்னு இப்பவே சொல்லி வெக்கிறியா" என்றாள். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட வருகிறாயா என்று கேட்டபோது ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை இருந்தது. ஞாயிறு ஒருநாள்தானே அவர்களுக்கும் வீடு.

காஞ்சிபுரத்தில் பெரிய கடை ஒன்றில் ஏறினேன். பாய் விரித்து உட்கார்ந்திருந்த கடைக்காரர் புடவையைப் பிரிக்காமல் என் முதுகுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க வண்டி நிறுத்திட்டு வராங்களாம்மா?"

"யாரும் வரல. நான் மட்டும்தான்."

"பொண்ணு எங்க?"

"நான்தான் பொண்ணு."

பாவம், அவருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. காபி சொல்லட்டுமா என்று கேட்டார். பட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "இதக் கட்டிக்கினு சுத்த முடியுமா" என்றேன். "தாராளமா, மூணு பிரகாரம் சுத்தலாம்" என்றார். அவருக்கு நான் எப்படி விளக்குவது. கொசுவம் கெட்டியாக நிற்கும், கால் அகலாது, அகன்றால் கொசுவம் அவிழும். காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த கடையில் கவுன். உள்ளே வலை வலையாகத் தைத்து விறைத்து நிற்கும். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் கோழிக் குஞ்சைக் கவிழ்க்கிற பஞ்சாரத்துக்குத் தலை முளைத்த மாதிரி இருந்தேன். சுற்றிப் பார்ப்போம் என்று அந்தத் துணி மாற்றும் அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். பஞ்சாரம் நான்கு சுவரிலும் இடித்து என்னைத் திருப்பி அனுப்பியது. வெளியே நின்ற பெண், "அக்கா, இன்னா ஆச்சு, வுழுந்துட்டீங்களா" என்றாள். லெஹங்கா கேட்டேன். அது ஒரு மூட்டை நெல் கனம். விலையும் ஒரு மூட்டையில் அடங்காது.

அந்த வாரம் முழுக்க மனசு பேஜாராக இருந்தது. கடையில் ஒருத்தர் "இது உனக்கு எடுப்பா கீது" என்று சொன்னால் போதும், எதை வேண்டுமானாலும் எடுத்திருப்பேன். சொல்ல ஆள் வேண்டுமே. ஆள் பாதி ஆடை பாதி என்கிறார்களே, அந்தப் பாதி ஆள் நாம் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

கடைசியில் உத்திரமேரூர் கடைத்தெருவில்தான் கிடைத்தது. ஒரு முஸ்லிம் அக்கா வளையல், பொட்டு வைத்து நடத்தும் கடை. மாடியில் கல்யாண உடுப்பும் வாடகைக்கு விடுகிறார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "ஆடணும்னா எங்க வூட்டு உடுப்புதான் உனக்குச் சரி" என்று ஒரு ஷராராவை எடுத்துக் காட்டினார். பார்த்தால் பாவாடை, நடந்தால் பேண்ட். இரண்டு காலுக்கும் தனித்தனியாக விரிந்து தொங்கும். அதற்கு மேல் ஒரு நீளச் சட்டை, ஒரு துப்பட்டா. பால் ஏட்டின் நிறம். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

"ஆடிப் பாரு."

"இங்கயா?"

"பின்ன, வாங்கினு போயி மண்டபத்துல பாப்பியா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வளையல் அடுக்க ஆரம்பித்தார். "நான் பாக்கல. ஆடு."

ஒரு சுற்றுத்தான் சுற்றினேன். துணி என்னோடு வந்தது. நான் நின்ற பிறகு ஒரு நொடி கழித்து அதுவும் வந்து காலில் அமர்ந்தது. வாங்க முடியாது, ஆனால் வாடகை என் கைக்கு எட்டியது. "கறை மட்டும் பட்றக் கூடாதும்மா. அடுத்த வாரம் இன்னொரு பொண்ணுக்குச் சொல்லி வெச்சிக்கீறேன்" என்றார். சரி என்று தலையாட்டி வாங்கி வந்தேன். வேனில் சொன்னதும் பின் சீட்டு அக்கா விடவில்லை. "இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்சாளாம். பாத்துமே."

வீட்டில் அண்ணி உறையைத் திறந்து பார்த்து, "இது இன்னா, பேண்ட்டா, பாவாடையா?" என்றாள். "ரெண்டும்தான் அண்ணி." வாடகையா என்று அவள் கேட்கவில்லை. கல்யாணத் துணியை வாடகைக்கு எடுப்பார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. மூடி அலமாரியில் வைத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், உடுப்பு சாமி படங்களுக்கு முன்னால் தாம்பாளத்தில் மடித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் விளக்கு எரிகிறது. இரண்டு கால் விளிம்பிலும், சட்டை ஓரத்திலும், துப்பட்டா முனையிலும் கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள். ஈர மஞ்சள். நடுவில் குங்குமம் வேறு.

புதுத்துணியை மஞ்சள் தொடாமல் உடுத்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பள்ளிக்கூடச் சட்டையாக இருந்தாலும் கழுத்துப்பட்டைக்கு உள்ளே ஒரு பொட்டு மஞ்சள் இருக்கும். கல்யாணப் பெண்ணுக்கு அதைப் பெற்றவள் வைப்பாள்.

அண்ணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நாளைக்கு நேரம் இருக்காது, அதான் இன்னைக்கே வெச்சிட்டேன். உங்கம்மா இருந்தா அது வெச்சிருக்கும்."

அந்த வீட்டில் யாரும் என் அம்மாவைப் பற்றிப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. வாடகைத் துணி என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். "நல்லா கீது அண்ணி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பால் காய்ச்சப் போனாள். உடுப்பைத் துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போய் சோப்பைக் கையில் எடுத்தேன். போட முடியவில்லை. அப்படியே திரும்பி வந்து உறைக்குள் வைத்தேன். மஞ்சளோடு அதைப் போட்டுக்கொண்டால் இன்னொரு பெண்ணுக்கு உடுப்பு இல்லை. கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டால் எனக்கு ஆட்டம் இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேட்கிற அளவுக்கு ஒரு பெயரும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைக்கு ஓடினேன். அந்த அக்கா நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்தார். விரித்துக் காட்டினேன். இட்லியை வாய்க்குக் கொண்டு போன கை அப்படியே நின்றது.

"யாரு வெச்சாங்க?"

"எங்க அண்ணி. வாடகைன்னு அவங்களுக்குத் தெரியாதுக்கா."

"அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

அவர் கடைக்கு வளையல் வாங்க வந்த ஒருத்தியை அனுப்பிவிட்டு வந்து, உடுப்பை மடியில் போட்டு மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். "தொவைச்சுக் குடுக்கறேன்க்கா" என்றேன்.

"தொவைச்சா போவுமா போவாதான்றது இல்லம்மா. எங்க வூட்லயும் பொண்ணுக்கு மஞ்ச வெப்போம். ஒருத்திக்குன்னு வெச்சத அழிச்சிட்டு இன்னொருத்திக்குக் குடுக்கறது எனக்குப் புடிக்கல. இத நீயே வெச்சிக்கோ. அவளுக்கு நான் வேற பாக்கறேன்." வாடகைக்கு மேல் நான் கொடுக்க முடிந்ததை வாங்கிக்கொண்டார். என் வளையல் செலவு அதில் போயிற்று. புது வளையல் இல்லாமல் கல்யாணம் நிற்காது. "மறுபடி துணி எடுக்க வந்தா கூட யாரையாவது இட்டுக்கினு வா" என்று படியிறங்கும்போது சொன்னார்.

அன்று சாயங்காலமே வரவேற்பு. மண்டபமும் உத்திரமேரூரில்தான். பாட்டுக்காரர்கள் வயரைத் தேடிக்கொண்டே இருந்ததில் நேரம் இழுத்துவிட்டது. நான் வாசலில் நிற்கவும், உள்ளே யாரோ "எல போட்டாச்சு" என்று குரல் கொடுக்கவும் சரியாக இருந்தது. எங்கள் ஜனத்துக்கு முதல் பந்தி என்றால் முகூர்த்தம் மாதிரி. நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்த சத்தம் கேட்டது. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். பந்திக்குப் போகிறவன் எந்தப் பக்கமும் பார்க்க மாட்டான் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

பாட்டு வந்தது. ஆடினேன்.

எனக்கு நினைவிருப்பது உள்ளங்காலில் உறுத்திய கம்பளம், இரண்டு காலிலும் விரிந்து விரிந்து மூடிய துணி, காதருகே என் மூச்சு. கம்பளம் முடிந்து தரை சில்லென்று பட்டபோது நின்றேன். மேடைப் படி முன்னால் இருந்தது. சில பேர் கைதட்டினார்கள். எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மேலே ஏறி நின்றேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் ஏறி வந்து பக்கத்தில் நின்றார்.

அண்ணி வேர்த்த முகத்தோடு பூமாலை கொண்டு வந்தாள். "பாத்தீங்களா அண்ணி?"

"நான் பந்தியில நின்னுக்கினு இருந்தேன். பாட்டு கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு."

அவள் போன பிறகு இவரிடம் மெதுவாகக் கேட்டேன், "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்டி இருந்துச்சு?"

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நல்லாதான் ஆடுன. நீதான் யாரையும் பாக்கல. வாசல்ல கண்ண மூடுனவ, படிகிட்ட வந்துதான் தொறந்த. பாதியில நான் எறங்கி வந்து கைய நீட்டிக்கினு நின்னேன். என்னத் தாண்டிப் பூட்ட."

கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் முதல் பந்தி முடித்தவர்கள் கைகொடுக்க மேடை ஏறிவிட்டார்கள். எல்லோர் கையிலும் ஈரம் காயவில்லை. போட்டோக்காரர் எங்களை இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கி நின்றோம். இருவரும் நேராகக் கேமராவைப் பார்த்தோம்.