ஃபைலைத் திறந்தால் எல்லாரும் ஆஜர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடைக்காலம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ஸ்பாஞ்ச் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து சேர்ந்ததும் என் முதல் வேலை, கான்ட்ராக்ட் ஆட்களின் வருகைப்பதிவு எக்செல் ஃபைலைத் திறப்பது. கைரேகை மெஷின் எல்லாம் எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்குத்தான்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அந்த ஃபைலில் மேக்ரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மேக்ரோ என்றால் பயப்பட வேண்டாம். நாம் கையால் செய்வதை ஃபைலே செய்துகொள்ள எழுதி வைக்கும் கட்டளை, அவ்வளவுதான். ஃபைலைத் திறந்ததுமே அது தானாக ஓடி, அன்றைய தேதிக்கு எல்லார் பெயருக்கும் நேரே ‘பி’, அதாவது பிரசென்ட், என்று நிரப்பிவிடும். வராதவர்களுக்கு மட்டும் நான் ‘ஏ’ என்று மாற்றினால் போதும். மூடும்போது இன்னொரு மேக்ரோ ஓடி, கேட்காமல் கொள்ளாமல் சேமித்துக்கொள்ளும். அடடா, என்ன சௌகரியம்! முகம் தெரியாத அந்த மனிதரை மனதார வாழ்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அன்றும் அப்படித்தான் ஃபைலை மூடிவிட்டு வேறு வேலையில் இருந்தேன். திடீரென்று சைரன். பின்பக்கக் குடோனில் கழிவு ஸ்பாஞ்சில் தீப்பிடித்து, லைன்கள் ஓடும் ஷெட்டுக்குள் கரும்புகை வந்துகொண்டிருந்தது.

சைரன் அடித்தால் எல்லாரும் கேட் பக்கம் பஸ் நிற்கும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். டைம் ஆபீஸ் ஆள் வருகைப்பட்டியலை பிரின்ட் எடுத்துக்கொண்டு ஓடி, பெயர் கூப்பிட வேண்டும். ஒத்திகைகளில் நான் இதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறேன். ஏன் செய்ய மாட்டேன்? ஒத்திகை எப்போது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்; காலையிலேயே பிரின்ட் எடுத்துக் கையில் தயாராக வைத்திருப்பேன்! அன்றுதான் முதல்முறையாக, சைரன் அலற அலற ஃபைலை மறுபடி திறந்து பிரின்ட் கொடுத்தேன்.

மைதானத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். எல்லாரும் கை தூக்கினார்கள், ஒருவனைத் தவிர. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த தம்பி அவன். எந்த லைனில் ஆள் குறைகிறதோ அங்கே போய் நிற்பதுதான் அவன் வேலை. அதனால் ஒரு லைன்காரர்கள் அவன் அடுத்த லைனில் இருப்பதாக நினைத்தார்கள்; அடுத்த லைன்காரர்கள் இவர்களைக் கை காட்டினார்கள். அவனோடு ரூமில் இருப்பவர்கள் எல்லாம் வேறு ஷிஃப்ட்.

மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், தீயணைப்புக் குழுவில் இருப்பவர். போன வாரம்தான் மகளுக்குக் காது குத்தி எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்திருந்தார்.

“இன்னாம்மா, அவன் இன்னிக்கு வந்துகிறானா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

காகிதத்தைப் பார்த்தேன். ‘பி’ என்று இருந்தது.

“வந்திருக்கான்ணே.”

அவ்வளவுதான். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஸ்பாஞ்ச் எரிந்து வரும் புகை பொல்லாதது. நாலு மூச்சு இழுத்தால் ஆளைச் சாய்த்துவிடும். எல்லாரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. லைன் ஆட்கள் போனை கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள், கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் மனசு கேட்காமல் அவன் எண்ணைத் தேடி என் போனை எடுத்தேன். காலையில் வந்த அழைப்புகளில் அவன் பெயர்! ஷேர் ஆட்டோ இரைச்சலில் காதில் விழுந்த குரல் அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. வயிற்றுப்போக்கு, லீவு என்று சொன்னான். நான்தான் ‘ஏ’ போட்டேன். போட்டேனே! பிறகு எப்படி ‘பி’?

உடனே அவனைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“என்னக்கா? இன்னைக்கு வர முடியலன்னு காலைலயே சொன்னேம்லக்கா?”

ஐயோ! “உள்ள யாரும் இல்ல! அவரைக் கூப்பிடுங்க!” என்று கத்திக்கொண்டே கதவை நோக்கி ஓடினேன். செக்யூரிட்டி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டு, நீளமாக விசில் ஊதினார். குழுவில் உள்ளவர்களுக்கு அதுதான் வெளியே வரச் சொல்லும் அடையாளம். விடாமல் ஊதினார். எனக்கு உயிரே இல்லை. கடைசியில் புகைக்குள்ளிருந்து தள்ளாடித் தள்ளாடி அவர் வந்தார்.

பஸ் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இருமி இருமி அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குடோன் பக்கம் அலமாரிகள் சரிந்துகொண்டிருந்ததாகவும், அடுத்து அங்கேதான் தேடப் போக இருந்ததாகவும் சொன்னார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

“அட, இன்னாம்மா நீ, அழுதுகினு! உள்ள ஆள் இல்லன்றது நல்ல சேதிதானே? ஆள் இருந்து, நான் பாக்காம வந்துட்டிருந்தா? அத்த நெனச்சுப் பாரு.”

தீ அணைந்த பிறகு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அந்தத் தம்பி பெயருக்கு நேரே ‘ஏ’ என்று மாற்றி, ஃபைலை மூடி, மறுபடி திறந்தேன். என் கண் எதிரிலேயே அது ‘பி’ ஆனது. முதல் தடவை, இரண்டாம் தடவை என்ற பேதமெல்லாம் மேக்ரோவுக்குத் தெரியாது. எத்தனை முறை திறந்தாலும் எல்லாரையும் வரவழைத்துவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே திறந்து பழகிய எனக்கு அது தெரியவே இல்லை.

அந்த மேக்ரோவை அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது லைனுக்கு நேரில் போய் ஆளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ‘பி’யையும் நானே அடிக்கிறேன். “டீ ஆறிப் போவுது, இன்னும் எண்ணிகினு கீறியா?” என்று கிண்டல் செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும். மகளுக்குக் காது குத்தி லட்டு கொடுத்த ஒரு மனிதர், எந்தக் கையும் அடிக்காத ஓர் எழுத்தை நம்பிப் புகைக்குள் போனாரே!