தறி முடிச்சில் மாட்டிய தெற்றுப்பல்

எட்டாவதோடு படிப்பை விட்டு லாரி கிளீனராக அலைந்து, ஒரு விபத்தில் முன்பற்களை இழந்து, ஆரணியில் அக்கா வீட்டுத் தறிக்கு வந்து சேர்ந்தவன் நான். பதினொன்றாவது படிக்கும் அக்கா மகள் தேவிக்குத் தெற்றுப்பல். வாயைப் பொத்தாமல் சிரிக்க மாட்டாள்.

"கிளிப் போட வசதியில்ல மாமா. நூலால இழுத்துக் கட்டுங்க. வகுப்பு போட்டோ எடுக்கறதுக்குள்ள பல்லு உள்ள போயிடும்" என்றாள்.

பட்டு நூலால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டினேன். சாயங்காலத்துக்குள் ஈறு வீங்கிவிட்டது. அவிழ்க்கப் பார்த்தேன்; தறியில் போடும் முடிச்சாயிற்றே, இழுக்க இழுக்க இறுகியது.

பல் டாக்டர் நூலை வெட்டியெடுத்து, "அப்படியே விட்டிருந்தா பல்லே ஆடியிருக்கும். யாரும்மா கட்டினது?" என்றார்.

அக்கா என்னைக் காட்டினாள். "தன் பல்லையே தொலைச்சிட்டு வந்தவன்கிட்ட வாயைக் காட்டிகினு நின்னிருக்கா, பாருங்க டாக்டர்!"

அழுதுகொண்டிருந்த தேவி, பொத்த மறந்து சிரித்துவிட்டாள்.

இப்போது நான் யார் வாயிலும் கை வைப்பதில்லை. அவளைப் போட்டோ எடுக்கும்போது மட்டும், எதிரில் நின்று என் பொக்கை வாயைக் காட்டுகிறேன்.