டெபாசிட் கேட்காத வேலை

இன்டர்நெட்டில் வேலை தேடுவது முழுநேர வேலை. சம்பளம் மட்டும் கிடையாது. 'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்' என்ற நோட்டீஸை மின்கம்பத்தில் பார்த்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து போன் நம்பரைக் குறித்துக்கொண்ட அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீட்டை விட்டு நகர முடியாத நிலை. சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஒரு விபத்தில் முதுகு அடிபட்டு, திருவிடந்தையில் கட்டிலோடு கிடந்தார். மறுபடி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் "பார்க்கலாம்" என்பார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் டைப்ரைட்டிங், தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ்.

அணுபுரத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணனுக்கு அணுமின் நிலையத்தில் வேலை. உள்ளே என்ன செய்கிறார் என்று சொந்தத் தம்பியிடம்கூட வாய் திறந்ததில்லை. என் கணவருக்கு அதில் அப்படியொரு பெருமை. கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வேலன்னா அண்ணன் செய்றது வேல. நீ தேடுறதெல்லாம் டுபாக்கூர்."

செங்கல்பட்டு மாடியறை

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியறை. டெபாசிட் வாங்கிக்கொண்டு ஒரு சிடி கொடுத்தார்கள். அதிலிருக்கும் பக்கங்களை அப்படியே டைப் அடித்துத் தரவேண்டும். ராப்பகலாக அடித்து, இரண்டு தடவை சரிபார்த்து, அணுபுரத்திலிருந்து மாமியாரை வரவழைத்துக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எடுத்துப் போனேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் "தப்பு அதிகம், ரிஜெக்ட்" என்றார் மேனேஜர். ஒரு கமாவைக்கூட விடாதவள் நான். எந்தத் தப்பு, காட்டுங்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

அழுதுகொண்டே படி இறங்கும்போது, வரவேற்பில் இருந்த பெண் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கத்தாதீங்க அக்கா, நானும் டெபாசிட் கட்டித்தான் இங்க வேலைக்கு வந்தேன்."

கோவளம் பிரவுசிங் சென்டர்

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. மத்தியானம் என் கணவர் கண்ணயர்ந்ததும் கோவளத்துக்குப் போவேன். பிளைவுட் தடுப்புக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், முன்னால் ஒரு திரைச்சீலை. நான் ஒருத்திதான் பெண். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்க, இவள் திரைக்குப் பின்னால் யாரோடு பேசுகிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது எனக்குத் தெரியாது.

ஒருநாள் போனால், என் கம்ப்யூட்டரைத் தூக்கி வாசலுக்கு நேராக, தன் மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார் கடைக்காரர். என்னைச் சந்தேகப்படுகிறாரா என்று சுருக்கென்றது. கேட்டே விட்டேன். அவர் மவுஸைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். "உள்ள குந்திக்கினு இருந்தா ஊரு ஆயிரம் பேசும்மா. இங்க குந்து. எவன் கேட்டாலும் அது வேல தேடிக்கினு கீதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

அந்தப் போன்

கடைசியில் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்துதான் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ் டாக்டர். விபத்தில் அடிபட்டவர்களோடு பேசிப் பதிவு செய்ததைத் தமிழில் டைப் அடித்துத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாதிரிக்கு ஒன்று அடித்து அனுப்பினேன். பிடித்துப்போய் போனிலேயே கூப்பிட்டார். ஹெட்போனில் மட்டும்தான் கேட்க வேண்டும், அதில் இருப்பதை வீட்டு ஆட்களிடமும் மூச்சுவிடக் கூடாது என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, கெட்டிக்காரத்தனமாக நானே முந்திக்கொண்டேன். "டெபாசிட் எவ்வளவு சார்? எந்த பேங்க்ல கட்டணும்?"

"டெபாசிட்டா?" என்று இழுத்தார். சரி, இவரும் அதே ரகம், எவ்வளவு கறக்கலாம் என்று யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "வேலை செய்யப்போறது நீங்க, பணம் தரவேண்டியது நான். உங்களை யாரும்மா இப்படிக் கேட்கப் பழக்கினது?"

ஹெட்போன்

சொன்னபடி பணம் வந்தது. அப்போதும் என் கணவர் நம்பவில்லை. "தூண்டில்ல மொதல்ல புழுவத்தான் கோப்பானுங்க" என்றார்.

ஒரு மத்தியானம், கோவளத்தில் சிடியில் ஏற்றி வந்த பதிவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். அன்று வந்த குரல் ஒரு டிரைவருடையது. என் கணவருக்கு முதுகில் அடிபட்ட அதே இடத்தில் அவருக்கும் அடி. என்னை அறியாமல் கண்ணில் நீர் வழிந்துவிட்டது. "இன்னா ஆச்சு?" என்றார் கட்டிலிலிருந்து என் கணவர். உங்களை மாதிரியே ஒரு டிரைவர் பேசுகிறார் என்று உளறிவிட்டேன். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"எழுந்து நடந்தானா? அத்த மட்டும் சொல்லு."

"சொல்லக் கூடாதுங்க. அதான் கண்டிஷன்."

ஹெட்போனில் நான் கேட்டதை உங்களிடமும் சொல்ல மாட்டேன். அப்படியொரு கண்டிஷன் இருந்ததற்காக அன்று அந்த டாக்டரை மனதாரக் கும்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லலாம். கையிலிருந்த டம்ளரை வீசுவார் என்று பயந்தேன். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் படுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணன் மாதிரியே நீயும் வாயத் தொறக்க மாட்டேங்கிற. அப்போ இது நெஜ வேலதான்."

உண்மையான வேலையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்; எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், அது கிடைத்த பிறகுதான் கட்டிய கணவரிடம் நான் முதன்முதலாக ஒன்றை மறைத்தேன் என்பது.