கைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிளாப்பியில் வைத்திருக்கும் என் டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ் 98-ல் மட்டுமே ஓடும். இருந்த கம்ப்யூட்டர் புகைந்து போனதும் இன்னொரு பழசைத் தேடி அலைந்தேன். புளியங்குடியில் பார்த்ததில் பிளாப்பி போடவே இடமில்லை. கடைசியில் கடையநல்லூரில் ஒரு பாயிடம் நல்லதாக ஒன்று கிடைத்தது. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன், துருவே இல்லை. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்க சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து, ஒரு டிசைனை இங்கன என் முன்னால ஓட்டிக் காட்டுங்க தங்கச்சி. பெறவு தாரேன்.”

எனக்குச் சுருக்கென்றது. விற்கிறவருக்கு என் டிசைன் எதற்கு? கடையநல்லூரிலும் தறிகள் உண்டு. காப்பியடித்து யாருக்காவது கொடுத்துவிட்டால் என் பிழைப்பில் மண் விழுந்துவிடும். அதனால் மறுநாள், யாருமே வாங்காத ஒரு பழைய டிசைனை மட்டும் எடுத்துப் போனேன். அவர் கை கீபோர்டு பக்கம் வருகிறதா என்பதிலேயே என் கண் இருந்தது.

திரையில் மாங்காய் பார்டர் விரிந்தது. பாய் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தப்பா நினைக்காதீங்க. உள்ள தங்கம் இருக்குன்னு பழைய கம்ப்யூட்டரை வாங்கிட்டுப் போய் உடைக்காவ. நல்லா ஓடுறதை உடைக்கக் குடுக்க எனக்கு மனசு வரல. நேத்து நீங்க வந்ததும் வராததுமா ஸ்க்ரூடிரைவரை எடுத்தீங்களா, எனக்குச் சந்தேகம் தட்டிட்டு.”

அவர் என்னை ஏமாற்றிவிடக் கூடாதே என்றுதான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் என் மேசையில் ஓடுகிறது. யார்மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.