கண்முன்னால் ஒட்டிய லேபிள்

கோடை விடுமுறைக்குப் பிரான்ஸ் போனபோது, பாரிஸில் இருக்கும் மனைவியின் தம்பி எங்களைப் பேர்பெற்ற பர்கண்டித் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். தோட்டக்காரர் நிலவறையிலிருந்து பூஞ்சணம் பிடித்த, லேபிளே இல்லாத வைன் போத்தலை எடுத்துவந்து துடைத்து, எங்கள் கண்முன்னாலேயே லேபிள் ஒட்டினார்.

“இஞ்சேருங்கோ, உது கள்ளச் சாமான். வாங்கோ போவம்,” என்று மனைவி காதுக்குள் சொன்னார். எனக்கும் அதே சந்தேகம். பக்கத்து ஊர்க் கடையில் தங்கத்தாள் சுற்றி மினுங்கிய போத்தலை வாங்கினேன். கனடா திரும்பி, ஸ்காபரோ வீட்டில் விருந்தினருக்கு ஊற்றினால், வினாகிரி போலப் புளிப்பு.

மச்சானுக்குப் போன் எடுத்து, அந்தத் தோட்டக்காரர் ஏன் அப்படி லேபிள் ஒட்டினார் என்று கேட்டேன்.

“நிலவறை ஈரத்தில லேபிள் உக்கிப்போகும், அத்தான். அதுதான் விக்கேக்க ஒட்டுறவை.”

“அங்கயே சொல்லியிருக்கலாமே?”

“எங்க கேட்டனீங்கள்? ரெண்டுபேரும் காருக்கெல்லோ ஓடினனீங்கள்!”

இன்றும் எனக்குச் சந்தேகம் குறையவில்லை. ஆனால் முதலில் வாய்திறந்து கேட்கிறேன். தங்கத்தாளைக் கண்டால் மட்டும் கேட்காமலே ஓடுகிறேன்.