ஐஸ்காரர் சொல்லாமல் விட்ட படகு

படகுப் பட்டறையிலிருந்து போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கத்தரி அக்கா அப்போது கணவருக்கு மசித்த பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ஸ்பூன், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"அக்கா, உங்க படகோட உடல் அச்சுலேர்ந்து வெளிய வந்தாச்சு. மேல்தளம் எந்த மாடல்னு சார் இன்னும் சொல்லலையே. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னீங்கன்னா திங்கள்லேர்ந்து வேலையை ஆரம்பிச்சுடுவேன்."

"எந்த மாடல்னா?"

"மூணு படம் கொடுத்திருந்தேனே. ஒரு வருஷமா யோசிச்சுச் சொல்றேன், யோசிச்சுச் சொல்றேன்னுட்டே இருந்தார்." பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இப்படி ஆனது கேள்விப்பட்டேன்க்கா. வேண்டாம்னாலும் சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன். ஆனா சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அடுத்து மூணு பேர் வரிசையில நிக்கறாங்க."

அவள் போனை வைத்தாள். கணவரின் கடைவாயில் வழிந்த பழத்தைத் துடைத்தாள். "படகுக்காரர்தான். எந்த மாடல்னு கேக்கறார். சொல்லுங்க, எது?"

"அதுதான்," என்றார் அவர்.

ஐஸ்காரர் விழுந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. குளிர்பதனக் கிடங்கில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் என்பதால் தெருவே அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிட்டது. கையில் ஸ்பானரோடு இயந்திரத்தின் அடியிலேயே சரிந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதத்தில் வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது. தண்ணி வேணுமா? அதுதான். வலிக்குதா? அதுதான். மின்விசிறியை நிறுத்தவா? அதுதான். "அவருக்கு எல்லாம் புரியுது," என்று மருத்துவர் சொன்னார். "உள்ள இருக்கறது வெளிய வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. ஆமாவும் இல்லையும் ஒண்ணா வரும். தலையாட்டறதைக்கூட நம்பாதீங்க."

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் ஆலையில் கட்டிங் மாஸ்டர். கத்தரி என்ற பெயர் அங்கே ஒட்டியது; புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கத்தரிக்காய் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பதும் உண்டு. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக விரித்து, மேலே காகித அச்சை வைத்து, ஒரே ஓட்டத்தில் வெட்டுவாள். ஒரு விரற்கடை பிசகினால் நாற்பது பிள்ளைகளின் சட்டை பாழ். முப்பத்தொரு வருடத்தில் அப்படிப் பிசகியது இரண்டே முறை.

அதே முப்பத்தொரு வருடமும் அவருக்கு ஞாயிறு என்றால் கடல். யாராவது ஒருவரின் படகில் ஏறிப் போய் வெயில் ஏறியதும் திரும்புவார். கல்யாணமான இரண்டாம் வருடம் இவளையும் ஒருமுறை அழைத்துப் போனார். ஆறு ஆண்களோடு திறந்த படகில் ஐந்து மணி நேரம். வாந்தி ஒரு பக்கம். ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவஸ்தை மறுபக்கம். கரையில் இறங்கியதும், "இந்த ஜென்மத்துக்கு இது போதும்," என்றாள். அவர் மறுபடி கூப்பிடவே இல்லை. அவரும் பேசித் தீர்க்கிற ஆள் இல்லை. வாயைத் திறக்க வைப்பதைவிடத் துருப்பிடித்த ஆணியைக் கழற்றுவது சுலபம். வேலையிலிருந்து ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, "படகுக்குச் சொல்லிட்டேன்," என்று ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே சொன்னார். அவள், "சரி," என்றாள். அவர் படகு, அவர் பாடு என்று இருந்துவிட்டாள்.

இப்போது அந்தப் பாடு அவள் தலையில்.

படங்கள் அவருடைய கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்தன. முதலாவது, முழுக்கத் திறந்த படகு. நடுவில் ஸ்டீயரிங், சுற்றி நாலு பக்கமும் நின்று தூண்டில் போடலாம். இரண்டாவதில் முன்பாதி மூடிய கேபின். இரண்டு படி இறங்கினால் படுக்கை, கழிவறை எல்லாம் உண்டு, ஆனால் மீன் பிடிக்கப் பின்பக்கத்தில் ஒரு கைக்குட்டை அளவு இடம்தான். மூன்றாவதில் நடுவில் வீல்ஹவுஸ் என்கிற, கண்ணாடி வைத்த ஓட்டுநர் அறை, இரண்டு பக்கமும் நடைவழி. மடித்து மடித்து ஓரங்கள் நைந்துபோயிருந்தன. அச்சுக் காகிதத்தில் பென்சில் கோடு தேடிப் பழகிய கண் அவளுடையது. காகிதங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றிலும் சரி போட்டு, மூன்றிலும் அழித்திருந்தார்.

அன்று மாலை ஒவ்வொரு படமாக அவர் முன்னால் பிடித்தாள். திறந்த படகுக்கு, அதுதான். கேபினுக்கு, அதுதான். வீல்ஹவுஸுக்கும் அதுதான். வரிசையை மாற்றிக் காட்டினாள். அவர் இடது கையை ஓங்கிக் காகிதத்தில் அறைந்தார், ஓரம் கிழிந்தது. கண்ணில் நீர் நின்றது. அவருக்குக் கோபம் அவள்மேலா, தன் நாக்கின்மேலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை கொழுந்தன் வந்தான். இரண்டு தெரு தள்ளி இருப்பவன். அண்ணனைத் தூக்கிக் குளிக்க வைக்க நாள் தவறாமல் வருகிறவன்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நாற்காலியிலயே சாயறவரை எந்தப் படகுல உக்கார வைப்பீங்க? வேண்டாம்னு சொல்லிடுங்க. இல்ல, வாங்கித்தான் ஆகணும்னா திறந்ததை வாங்குங்க. அண்ணன் மீன் பிடிக்கத்தானே ஆசைப்பட்டார்."

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. படகு வேண்டாம் என்று சொல்வது, இனி இவருக்குக் கட்டில்தான் கதி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது போல. திறந்ததை வாங்கினால் கொழுந்தன் ஓட்டுவான்; அவர் கரையில் உட்கார்ந்து பார்ப்பார். கேபின் என்றால் அந்த இரண்டு படி. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதை யாரிடம் சொல்வாள்? முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவர் ஆசை ஆசையாக ஒரு படகு கட்டச் சொல்லியிருக்கிறார். அதில் தனக்கு உட்கார ஓர் இடம் நினைத்திருந்தாரா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் சாப்பிடவில்லை. பழுப்புக் காகிதச் சுருளை விரித்து மூன்று தளங்களையும் நிஜ அளவில் வரைந்து வெட்டினாள். ஆறரை மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். தையல் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "யாருக்கு அக்கா இவ்வளவு பெரிய சட்டை?" என்றாள் ஒருத்தி. அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆலை விட்டது. முதலாளியிடம் கேட்டுச் சாவியை வாங்கி வைத்திருந்தாள். கட்டிங் ஹாலின் சிமெண்டுத் தரையில் முதல் காகிதத்தை விரித்து, சுவர் வரும் இடங்களில் துணிக் கட்டுகளை அடுக்கினாள். இரண்டரை மணிக்குக் கொழுந்தன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான்.

திறந்த படகில் சுற்றுவழி ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். சக்கர நாற்காலி அறுபத்திரண்டு. நாற்காலி வேண்டாம், எழுப்பி நடத்திப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் பிடித்து நிறுத்தினார்கள். பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது அடியில் சரிந்தார். கேபினுக்குப் படி என்று இரண்டு மரப்பலகையை அடுக்கினாள். அவர் காலைத் தூக்கவே முடியவில்லை. கடைசியாக வீல்ஹவுஸ். இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது. வலது பக்கம் நாற்காலி துணிக் கட்டில் மோதி நின்றது. இடது பக்கமும் அப்படியே. கொழுந்தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்; சக்கரத்தில் சிக்கி அவளுடைய இரண்டு நாள் வேலை நீளமாகக் கிழிந்தது.

"விட்டுடலாம் அண்ணி," என்றான் மெதுவாக.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணி நாலேகால். பிறகு, அவளே எதிர்பாராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது. கணவரைப் பார்த்துப் பேசினாள்.

"வாய் இருந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருஷம் மடியில வெச்சு அடைகாத்தீங்களே, பக்கத்துல படுத்திருந்தவகிட்ட சொல்லத் தோணலையா? இப்ப எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டு ஜம்முனு உக்காந்திருக்கீங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல் வரும் என்று தெரிந்தோ என்னவோ மூடிக்கொண்டார். கொழுந்தன் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

வெகுநேரம் கழித்து அவள் பட்டறைக்குப் போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தாள்.

"மூணும் ஒத்துவரலைங்க. எதுலயும் அவரை ஏத்த முடியாது."

"அவருக்கே மூணும் ஒத்துவரலையேக்கா," என்றார் பட்டறைக்காரர். "எனக்கும் அவருக்கும் சண்டையே அதுல தானே. திறந்த படகுலயே ஒரு கழிவறை வை, அதுக்குக் கதவு வைம்பார். கதவு நல்லா சாத்தணும்பார். திறந்த படகுல கதவுக்கு எங்க போறது? தலை சுத்தினா ஒருத்தர் காலை நீட்டிப் படுக்கணும், நிழல்ல படுக்கணும்பார். மீன் பிடிக்கவும் இடம் குறையக் கூடாதும்பார். மூணு தடவை வந்து அதையேதான் கேட்டார். யாருக்கு சார் இதெல்லாம்னேன். பதில் சொல்லலை."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கிழிந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா? இருக்கீங்களா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க. வெச்சுடாதீங்க."

போனைத் தரையில் வைத்தாள். வீல்ஹவுஸின் காகிதத்தைத் தனியாக வெட்டி எடுத்தாள். நடுவில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? துணி போதாதபோது இரண்டு ஓரத்து மிச்சத்தையும் ஒரே பக்கம் சேர்த்துக்கொள்வதை அவள் தினமும் செய்கிறாள். வீல்ஹவுஸை இடது விளிம்புக்குத் தள்ளினாள். இடப்பக்கம் கால் வைக்கப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டாள். வலப்பக்கம் எண்பத்தைந்து கிடைத்தது. துணிக் கட்டுகளை நகர்த்தி அடுக்கிவிட்டுத் தானே நாற்காலியைத் தள்ளினாள். போயிற்று. வழி நெடுக அவருடைய இடது கை, நல்ல கை, துணிக் கட்டின்மேல் உரசிக்கொண்டே வந்தது. அங்கே ஒரு கம்பி வைத்தால் பிடித்துக்கொள்ளலாம்.

போனை எடுத்து விவரம் சொன்னாள். பட்டறைக்காரர் முதலில் ஒப்பவில்லை. "படகு ஒரு பக்கமா சாயும்க்கா. இது சட்டை இல்ல."

"சாயறது எதனால? எடையினாலதானே. எடையா இருக்கறதை எல்லாம் மறுபக்கம் வைங்க."

"பேட்டரியும் டீசல் டாங்கும்தான் இருக்கு," என்று இழுத்தார். "கணக்குப் போட்டுப் பாக்கணும். திங்கட்கிழமை சொல்றேன். ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பதிலுக்குக் காத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை போல நீண்ட ஒரு நாள் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குத்தான் சரி என்ற தகவல் வந்தது.

படகு வர ஆறு மாதம் ஆனது. அதற்குள் ஐஸ்காரர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கப் பழகியிருந்தார். கொழுந்தன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். படகுத் துறையின் கட்டையில் இரண்டு முறை மோதினாள். முதல் பயணம் படுதோல்வி. அலை கொஞ்சம் கூடுதல். வாழ்நாளில் கடலில் வாந்தி எடுக்காதவர் அன்று எடுத்தார், அவளும் எடுத்தாள். பெல்ட் போட்டும் அவர் தலை இங்கும் அங்கும் ஆடியது. அரை மணியில் திரும்பிவிட்டார்கள். விற்றுவிடுங்கள் என்று அவளே பட்டறைக்குச் சொல்லி அனுப்பினாள். இந்தத் தளம் அவருக்குப் பிடித்ததா என்றும் அவளுக்குத் தெரியாது. கேட்டால் என்ன சொல்வார் என்பது மட்டும் தெரியும்.

வாங்க ஆள் வருவதற்குள் கடல் அடங்கிவிட்டது. எண்ணெய் தடவியது போலக் கிடந்த ஒரு காலையில், அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளேயே ஒரு சுற்று போகலாம் என்று அவரை ஏற்றினாள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். பிறகு பட்டறைக்குப் போன் செய்து, விற்பனைப் பலகையை எடுத்துவிடச் சொன்னாள்.

ஒரு கையால் தூண்டிலைப் பிடிக்கலாம், நூலைச் சுற்ற முடியாது. ஆகவே அவர் பிடிப்பார், அவள் சுற்றுவாள். பல நாள் அவள் தலைசுற்றி வீல்ஹவுஸுக்குள்ளே கட்டையாகப் படுத்திருப்பாள். அவர் காலால் தளத்தைத் தட்டினால் எழுந்து வருவாள். மூன்று வாரம் ஒன்றும் கடிக்கவில்லை. நாலாவது வாரம் தட்டினார். ஓடி வந்து பரபரவென்று சுற்றினாள். அவர் முகம் கடுத்தது. இடது முழங்கையால் அவள் விலாவில் இடித்தார். அவசரப்பட்டால் நூல் அறுந்துவிடும் போலிருக்கிறது. அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, மெதுவாகச் சுற்றினாள்.